சிவப்புக் கவசத்துக்கு அடுத்த ஆள்

எக்ஸ்காம் ஆட்டத்தில் படைக்குப் புதிதாக வந்து சேரும் சிப்பாய்க்கு முகம் உண்டு, பெயர் உண்டு, முதுகில் சொந்த நாட்டுக் கொடி உண்டு. தொழில் மட்டும் கிடையாது. ரூக்கி என்று அழைக்கப்படும் இப்படிப்பட்ட நால்வர் ஒரே மாதிரிக் கவசம் அணிந்து, ஒரே மாதிரித் துப்பாக்கியோடு முதல் களத்தில் இறங்குவார்கள். பிழைத்துத் திரும்பி முதல் பதவி உயர்வு வாங்கும்போதுதான் ஆட்டம் அறிவிக்கும்: இவர் ஸ்னைப்பர், இவர் ஹெவி, இவர் அஸால்ட், இவர் சப்போர்ட். யார் எதுவாக வேண்டும் என்பதில் ஆடுகிறவருக்குப் பேச்சு இல்லை. ஒருவருக்கு வாய்த்த கிளாஸ் அவர் இருக்கும்வரை அவரோடு இருக்கும்.

அந்த அறிவிப்பு வந்த கையோடு நான் போவது பாசறைக்கு. அந்த ஆளின் பெயரைத் திறந்து, தோற்றத்தை மாற்றும் திரைக்குப் போய், கவசத்தின் நிறத்தை மாற்றுவேன். ஹெவிக்குச் சிவப்பு. சப்போர்ட்டுக்கு வெள்ளை. அஸால்ட்டுக்கு ஆரஞ்சு. ஸ்னைப்பருக்கு நெடுநாள் கரும்பச்சை இருந்தது. பிறகு மாற்றினேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். புதுத் துப்பாக்கி வாங்குவதும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதும் இதற்கு அப்புறம்தான்.

பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற வேலை போலத் தெரியலாம். எனக்கு அது களத்தில் எடுக்கப்போகும் அத்தனை முடிவுகளுக்கும் முந்தைய முடிவு. ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012இல் ஜேக் சாலமன் தலைமையில் வடிவமைத்து வெளியிட்ட இந்த ஆட்டத்தில் களம் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கேமரா உயரத்திலிருந்து சாய்வாகக் கீழே பார்க்கும். நம் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு இரண்டு செயல்கள். நகர்ந்து சுடலாம், அல்லது இரண்டையும் ஓடுவதற்கே செலவிடலாம். தவறான ஆளை நகர்த்திவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. அயர்ன்மேன் முறையில் ஆடினால் ஆட்டம் தானே ஒரே கோப்பில் சேமித்துக்கொண்டு போகும். பழைய நிலைக்குப் போக வழியே இல்லை. இப்படி ஒரு களத்தில், இருட்டில், ஒரு காரின் மறைவில் இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் புகைக்குண்டு வீசி மற்றவர்களைக் காக்க வேண்டியவர். இன்னொருவர் ஓடிப்போய் முகத்துக்கு நேராகச் சுட வேண்டியவர். உயரத்திலிருந்து பார்க்கையில் இருவர் கையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே துப்பாக்கி. பெயரைப் படித்து, கிளாஸை நினைவுபடுத்தி, பிறகு யோசிப்பது என்பது மிஷனின் பதினைந்தாவது முறையில் மனம் செய்ய விரும்பாத வேலை. நிறம் அந்த வேலையைப் படிப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறது.

அதனால் எந்த நிறம் என்பதும் சும்மா எடுத்த முடிவாக இருக்க முடியாது. நீலத்தையும் மஞ்சளையும் நான் தொடுவதில்லை, ஏனென்றால் ஆட்டம் அவற்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது: ஒரு செயலில் எட்டக்கூடிய தூரத்துக்கு நீலக் கோடு, ஓடினால் மட்டும் எட்டுகிற தூரத்துக்கு மஞ்சள் கோடு. கோட்டின் நிறத்திலேயே ஆளும் நின்றால் ஒன்றை ஒன்று விழுங்கும். ஹெவியின் ராக்கெட் நம் ஆள், எதிரி ஆள் என்று பார்க்காது. வெடிப்பின் வட்டத்துக்குள் நிற்கும் எல்லோரையும் அடிக்கும். ஆகவே ஹெவி எங்கே என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், சிவப்பு அதற்கு. காயம்பட்டு விழுந்தவருக்கு ரத்தம் வடிந்துகொண்டிருந்தால் இருப்பது மூன்றே முறைகள். அதற்குள் மருத்துவப் பெட்டியோடு ஒருவர் போய்ச் சேர வேண்டும். திரையில் கண் தேடி அலையாமல் பிடிக்கிற ஒரே நிறம் வெள்ளை. ரத்தம் போகிறது என்ற செய்தி வந்ததும் நான் வெள்ளையைத்தான் பார்க்கிறேன், விழுந்தவரைக்கூட இல்லை.

இந்த ஏற்பாடு சரியென்றே இருந்தேன், என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்வரை.

"மாமா, நம்ம ராக்கெட் ஆளு எங்க நிக்குது?"

"அதான் அந்தச் செவப்புடா."

"எந்தச் செவப்பு? அங்க ரெண்டு செவப்பு இருக்கே."

மாடிச் சுவர் ஓரம் ஹெவி. அவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, கரும்பச்சையில் ஸ்னைப்பர். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு. என் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. அது தாய்வழியில் இறங்குகிற நிறப்பார்வைக் குறை. அப்பாவிடமிருந்து அக்கா வழியாகப் பேரனுக்குப் போயிருக்கிறது, மகனான எனக்கு வரவில்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது பாடப்புத்தகக் கணக்கு. அன்றைக்கே ஸ்னைப்பரை வெளிர் ஊதாவுக்கு மாற்றினோம். ஆனால் அவன் அதோடு விடவில்லை. "கலர் மட்டும் போதாது மாமா, தொப்பி வேணும்" என்று சொல்லி, ஹெவிகளுக்கெல்லாம் தலையை முழுதாக மூடும் கவசத்தொப்பி, ஸ்னைப்பர்களுக்கு வெறுந்தலை என்று ஒரு விதியும் போட்டான்.

அவன் சொன்னது வடிவமைப்பாளர்கள் நன்கு அறிந்த உண்மை. 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தில் ஒன்பது கிளாஸ்கள். ஒவ்வொன்றையும் அதன் நிழலுருவை வைத்தே கண்டுகொள்ளும்படி வரைந்தார்கள். ஒருவன் பீப்பாய் மாதிரி பருமன், ஒருவன் குச்சி, ஒருவனுக்கு முதுகில் பெரிய பை. நிறத்தை அவர்கள் ஒரே கேள்விக்கு ஒதுக்கிவிட்டார்கள்: இவன் எந்த அணி? சிவப்பா, நீலமா? உருவம் தொழிலைச் சொல்ல, நிறம் கட்சியைச் சொல்லும். எக்ஸ்காமில் கட்சியைச் சொல்ல நிறம் தேவையில்லை. எதிரிகள் மனிதர்களே இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் ஆடுகிறவர் கையில் நிறம் வேறு வேலைக்குப் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செக்டாய்டு, மியூட்டன் போன்ற வேற்றுலக எதிரிகளுக்கு நம் கவசத்தின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. பொட்டல் வெளியில் ரத்தச் சிவப்பில் நின்றாலும், புதருக்குள் பச்சையில் நின்றாலும் அவை குறிபார்க்கும் கணக்கு ஒன்றுதான். மறைவு எவ்வளவு, தூரம் எவ்வளவு, பக்கவாட்டில் வந்துவிட்டார்களா, இவைதான் கணக்கில் சேரும். ஆக இந்த நிறங்கள் முழுக்க முழுக்க மேலே இருந்து பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணுக்காக. படை வரலாற்றில் இதற்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது.

வெண்புகை கக்கும் வெடிமருந்துக் காலத்தில் நான்கு முறை சுட்டால் போர்க்களமே தெரியாது. குன்றின் மேல் குதிரையில் இருக்கும் தளபதிக்குப் புகை விலகும் இடைவெளியில் தெரிவது முகங்கள் அல்ல, சட்டைகளின் நிறம். அதைப் பார்த்துத்தான் அவர் எந்த அணி சரிகிறது, எந்த அணியை அனுப்பலாம் என்று முடிவெடுத்தார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படையில் காலாட்படைக்கு நீலம், பீரங்கிப்படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்கு மஞ்சள் என்று கிளை வாரியாகவே நிறம் இருந்தது. 1824இல் பிரஷ்யாவின் லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ், அதிகாரிகளைப் பழக்குவதற்காக 1:8000 அளவு வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டை முறைப்படுத்தியபோது, இரண்டு தரப்புக்கும் சிவப்பு, நீலம் என்று நிறம் கொடுத்த சிறு கட்டைகளை வைத்தார். அது குதிரைப்படையா, பீரங்கியா என்பதைக் கட்டையின் மேல் போட்ட குறி சொன்னது. குன்றின் மேலிருந்து பார்க்கும் பார்வையை மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். இன்று நாம் ஆடுவதெல்லாம் அந்த மேசையின் வழித்தோன்றல்கள்தான்.

பிறகு 1884இல் பிரான்சில் பால் வியே புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். புகை போனது, துப்பாக்கியின் எட்டம் கூடியது, தளபதிக்கு உதவிய அதே நிறம் எதிரியின் குறிக்கு உதவத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லைப்புறத்தில் கைட்ஸ் படை 1840களின் கடைசியிலேயே மண் நிறத்துக்கு மாறியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சிவப்புக் கால்சட்டையை விடாமல் 1914 ஆகஸ்டில் அதோடு போருக்குப் போனார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. 1915இல் அவர்களும் மங்கிய வான நீலத்துக்கு வந்துசேர்ந்தார்கள். நிறம் சட்டையிலிருந்து பின்வாங்கித் தோள்பட்டை ஓரத்து நூல் அளவுக்குச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போர் ஜெர்மானியச் சீருடையில் காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிக்குச் சிவப்பு, டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு என்று அந்த நூலில் மட்டும் கிளை நிறம் மிஞ்சியிருந்தது.

குன்றின் மேல் இருப்பவருக்கு நிறம் வேண்டும். சேற்றில் கிடப்பவருக்கு நிறம் வேண்டாம். எக்ஸ்காம் நம்மைக் குன்றின் மேல் வைத்துவிட்டு, துப்பாக்கி வெடிக்கும் நொடியில் கேமராவைச் சடாரென்று இறக்கிச் சிப்பாயின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதுவரை வெறும் சிவப்புப் புள்ளியாக இருந்தவருக்குத் தாடி இருப்பது தெரிகிறது, கன்னத்தில் தழும்பு தெரிகிறது. எந்தத் தளபதிக்கும் வாய்க்காத பார்வை இது. ஒரே ஆளைக் கருவியாகவும் முகமாகவும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. என் கவலையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் இதே தோற்றத் திரையில் நிறத்துக்குப் பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. நிறம் மாற்றப் போகிறவர் பெயரையும் மாற்றாமல் வருவது அபூர்வம். இந்த ஆட்டத்தை ஆடுகிற ஏறக்குறைய எல்லோரும் இதைச் செய்கிறார்கள். நண்பன், தங்கை, பிடித்த நடிகர், பள்ளிக்கூட ஆசிரியை என்று படை முழுக்கத் தெரிந்தவர்களாகிவிடுவார்கள். சார்ஜென்ட் பதவிக்கு வரும்போது ஆட்டமும் தன் பங்குக்குக் கிளாஸுக்கு ஏற்ற பட்டப்பெயர் ஒன்றைச் சூட்டும், அதையும் மாற்றிக்கொள்ளலாம். நிறத்தைக் கிளாஸுக்காகக் கொடுக்கிறோம், பெயரை ஆளுக்காகக் கொடுக்கிறோம். ஒரே திரையில், அடுத்தடுத்த இரண்டு சொடுக்கில், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்களைச் செய்கிறோம். சிவப்பு சொல்கிறது: இவர் ராக்கெட் தாங்கி, இவர் இடத்தில் இன்னொரு ராக்கெட் தாங்கி வரலாம். பெயர் சொல்கிறது: இவர் இடத்தில் வேறு யாரும் வர முடியாது.

என் படையில் மீனாட்சி என்று ஒரு ஹெவி இருந்தாள். முதல் மிஷனிலிருந்து வந்தவள், மேஜர் வரை உயர்ந்தவள். எல்லோரும் பின்வாங்க வழி விட்டு ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரையடியில் தனியாக நின்றபோது சைபர்டிஸ்க் என்ற எதிரி எந்திரம் அவளை வீழ்த்தியது. மிஷன் ஜெயித்தது. பாசறையில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர் அங்கே போகும், எத்தனை மிஷன், எத்தனை எதிரி என்ற கணக்கோடு. அதைத் திறந்தால் பேக்பைப் ஒலிக்கும். அங்கே அவள் பெயரைப் பார்த்தேன். அடுத்த வாரமே ஒரு ரூக்கி பதவி உயர்வு பெற்றான். ஹெவி. வழக்கம்போல் சிவப்பு கொடுத்தேன்.

அடுத்த களம் ஒரு ரயில் நிலையம். கேமரா மேலே. இருட்டில் ஆறு பேர் பரவி நிற்கிறார்கள், இடது ஓரத்தில் சிவப்பு. நான் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, மீனாட்சியாக இருந்தால் எங்கே அனுப்பியிருப்பேனோ அங்கே அனுப்பினேன். அவளுக்கு இருந்த குறிதவறாமை இவனுக்கு இல்லை, அவள் கற்ற திறன்கள் இவனிடம் இல்லை, மூளைக்குத் தெரியும். கண்ணுக்குச் சிவப்பு அங்கே இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. படையில் ஓர் ஓட்டை விழுந்ததை நிறம் மூடிவிட்டது. நிறம் மிகத் திறமையாகச் செய்கிற வேலை இதுதான், இதைத்தான் அதனிடம் நான் கேட்டும் இருந்தேன். இருந்தும் அந்த ரயில் நிலையத்தில் அது எனக்கு ஒரு துரோகம் போலப் பட்டது. சீருடை கண்டுபிடித்தவர்கள் விரும்பியது இதையே என்றும் பட்டது: வரிசையில் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் ஓர் அடி முன்னால் வருவார், குன்றின் மேலிருந்து பார்க்கையில் வரிசை குலையாது.

விளையாட்டு மைதானத்திலும் இந்த இழுபறி நடந்திருக்கிறது. கால்பந்தில் சட்டை எண் நெடுங்காலம் ஆளுடையது அல்ல, இடத்துடையது. 1 என்றால் கோல்கீப்பர், 9 என்றால் நடு முன்கள வீரர். அன்றைக்கு அந்த இடத்தில் ஆடுபவர் அந்த எண்ணைப் போட்டுக்கொள்வார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 1993இல்தான் ஒவ்வொருவருக்கும் நிரந்தர எண்ணும் முதுகில் பெயரும் வந்தன. எண் இடத்திலிருந்து ஆளுக்குக் கைமாறியதும் அடுத்த கேள்வி எழுந்தது: அந்த ஆள் போனபின் எண்ணை என்ன செய்வது? நாப்போலி மரடோனாவின் 10ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. தோனியின் 7ஐ இனி இந்திய அணியில் எவரும் அணிய வேண்டாம் என்று கிரிக்கெட் வாரியம் முடிவு செய்ததாக 2023 டிசம்பரில் செய்தி வந்தபோது சென்னையில் அதற்குக் காரணம் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்த அணியும் விக்கெட் கீப்பரின் கையுறையை நிறுத்திவைக்க முடியாது. அதை இன்னொருவர் மாட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வேறு ஆட்டங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் ஒவ்வொன்றும் தன் மனசாட்சியைக் காட்டிவிடுகிறது. 2016இல் ரெட் ஹூக் வெளியிட்ட டார்க்கஸ்ட் டன்ஜனில் கிளாஸை உருவமே சொல்லிவிடும். பிளேக் மருத்துவருக்குப் பறவை மூக்கு முகமூடி, சிலுவைப் போர்வீரனுக்கு இரும்புத் தலைக்கவசம். அந்த ஆட்டத்தில் நிறம் இருப்பது ஒரே கிளாஸில் இருவர் வந்தால் வேறுபடுத்த. அங்கே நிறம் ஆளுக்குப் போய்விட்டது. அந்த ஆட்டம் தன் வீரர்களை ஈவிரக்கமின்றிச் சாகடிப்பது என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்காமைவிட மனிதத்தன்மை கொண்டது என்று நினைக்கிறேன். 1990இல் தொடங்கிய ஜப்பானிய ஆட்டத்தொடரான ஃபயர் எம்பளத்தில் நாயகனுக்குத் துணையாகக் கெய்ன், ஏபல் என்று இரண்டு குதிரைவீரர்கள் வருவார்கள். ஒருவர் சிவப்பு, ஒருவர் பச்சை. அடுத்தடுத்து வந்த ஆட்டங்களிலும் இதேபோல் சிவப்பும் பச்சையுமாக ஒரு ஜோடிக் குதிரைவீரர்கள் வேறு வேறு பெயர்களில் வந்தபடி இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக நாடுகள் மாறின, கதைகள் மாறின, ஆட்கள் மாறினார்கள், சிவப்பும் பச்சையும் மட்டும் குதிரையிலிருந்து இறங்கவில்லை. ஃபிராக்ஸிஸே 2020இல் கைமேரா ஸ்க்வாடில் எதிர்த்திசைக்குப் போய்ப் பார்த்தது. அதில் ஒவ்வொருவரும் தனக்கென முகம், பேச்சு, திறன் எல்லாம் கொண்ட கதாபாத்திரம். ஒருவருடைய வேலையை இன்னொருவர் செய்ய முடியாது. அதனால் யாரையும் சாகவிடவும் முடியாது. ஒருவர் இறந்தால் மிஷனே தோல்வி, திரும்ப ஆட வேண்டும். மாற்று இல்லாத ஆளை உண்டாக்கினால் மரணத்தை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அந்த ஆட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் எனக்கு யாரைப் பற்றியும் பயம் வரவில்லை.

இதற்கெல்லாம் மூலமான 1994ஆம் ஆண்டு ஆட்டம், ஜூலியன் கோலப் வடிவமைத்தது, கிளாஸ் என்ற ஏற்பாடே இல்லாதது. எல்லோரும் சிப்பாய்கள். ஒருவருக்குக் குறி நன்றாக இருக்கும், ஒருவருக்கு உடல்பலம் அதிகம். அதைப் பார்த்து யார் கையில் எதைக் கொடுப்பது என்று ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். ஒரு வானூர்தியில் 14 பேர் ஏறலாம். மாற்ற முடிந்தது பெயரை மட்டும். ஆகவே ஆடியவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே தொழிலையும் எழுதிவைத்தார்கள், நம் ஊர்ப் பக்கத்தில் கொத்தனார் முருகன், டெய்லர் முருகன் என்று சொல்வதுபோல. நிறம் கிடைக்காத இடத்தில் பெயரே நிறத்தின் வேலையையும் சேர்த்துச் சுமந்தது.

தமிழ்ப் புறத்திணை மரபில் போர்வீரர் சூடும் பூக்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆநிரை கவரப் போகிறவர் சிவந்த வெட்சி சூடுவார், மீட்கப் போகிறவர் கரந்தை, கோட்டையைக் காப்பவர் நொச்சி, நேருக்கு நேர் பொருபவர் வெண்ணிறத் தும்பை, வென்றவர் வாகை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் திணை திணையாக வகுத்துவைத்திருக்கிறது. இதுவும் நிறத்தால் குறிக்கும் முறைதான். ஆனால் பூ குறிப்பது ஆளின் கிளாஸை அல்ல, அன்றைக்கு அவர் இறங்கும் செயலை. நேற்று வெட்சி சூடியவர் இன்று நொச்சி சூடலாம், நாளை தும்பை. செயல் முடிந்தால் பூ வாடிவிடும், ஆள் இருப்பார். எக்ஸ்காமில் தலைகீழ்: ஆள் போய்விடுவார், சிவப்பு இருக்கும். ஒரு சிப்பாயின் கிளாஸ் மிஷனுக்கு மிஷன் மாறக்கூடிய ஆட்டம் ஒன்றை யாராவது இந்த மரபிலிருந்து எழுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

நிறப் பெட்டி ஃபிராக்ஸிஸின் முதல் எக்ஸ்காம் ஆட்டத்தில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012இல் கவசத்துக்கு நிறம் தீட்டும் வசதி, முன்பதிவு செய்தவர்களுக்குப் பரிசாகவும் மற்றவர்களுக்குத் தனி விலைக்கும் வந்தது. அலங்காரம் என்று நினைத்து அதைத் தனியே விற்றார்கள். களத்தில் கண்ணுக்கு உதவும் கருவி ஒன்றை அலங்காரக் கணக்கில் எழுதியது சரியில்லை என்பதே அன்றும் இன்றும் என் கருத்து. 2016இல் வந்த எக்ஸ்காம் 2 இதை முழுதாகத் திருத்திக்கொண்டது. முதன்மை நிறம், இரண்டாம் நிறம், துணியின் கோலம், துப்பாக்கிக்குத் தனி நிறம், தொப்பி, கண்ணாடி, பச்சைகுத்தல், தழும்பு, நடக்கிற விதம்கூட. முன்கூட்டியே ஆட்களை உருவாக்கிச் சேமித்துவைக்கவும் ஒரு தொகுப்பு இருக்கிறது. அதிலிருந்து அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்துக்குள் வந்து நிற்பார்கள். ரூக்கியைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி நமக்கு வேண்டிய கிளாஸாக்கவும் முடியும். களத்தில் விழுந்தவரின் உடலைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறலாம். தூக்குகிறவர் சுட முடியாது. உடலை விட்டுவிட்டு வந்தால் அவரிடம் இருந்த பொருளும் போய்விடும். ஆட்டம் அதைப் பொருளுக்கான கணக்காக வைத்திருக்கிறது. ஆனால் பெயர் வைத்த ஒருவரை அங்கே விட்டுவர மனம் ஒப்புவதில்லை, பையில் எதுவுமே இல்லாவிட்டாலும்.

இரண்டு நிறம் கிடைத்ததும் மாமனும் மருமகனுமாக உட்கார்ந்து புது ஏற்பாடு ஒன்று செய்தோம். முதன்மை நிறம் கிளாஸுக்கு. அதில் சமரசம் இல்லை. ஹெவியின் இடத்தில் இதில் வரும் கிரெனேடியர் என்றால் சிவப்பு, அவர் யாராக இருந்தாலும். இரண்டாம் நிறமும் தொப்பியும் துப்பாக்கியின் நிறமும் ஆளுக்கு. ஆள் இறந்தால் முதன்மை நிறம் அடுத்தவருக்குப் போகும், இரண்டாம் நிறத்தையும் தொப்பியையும் அந்த ஆட்டம் முடியும்வரை வேறு யாரும் எடுக்கக் கூடாது. அவனுக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கிளாஸ் வரும்முன்பே, ரூக்கியாக இருக்கும்போதே, இரண்டாம் நிறத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பான். "என்ன வேலைன்னு தெரியறதுக்கு முன்னாடியே அவங்க ஒரு ஆளுதானே மாமா." எனக்கு அது உறைத்தது. அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன் 2017இல் வந்த வார் ஆஃப் தி சோஸன் விரிவாக்கத்தில்தான் விளங்கியது. அதில் சிப்பாய்கள் களைத்துப்போவார்கள். அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால் மனவுறுதி தேய்ந்து, களத்தில் பீதியடைந்து உடைந்துபோவார்கள். சிறந்த ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓட்ட முடியாது; ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு மூன்று பேரை வளர்த்தாக வேண்டும். களைத்தவரை உட்காரவைத்துவிட்டுக் கிடைத்தவரை அனுப்பும் நிலையில், சில நாள் இரண்டு கிரெனேடியர்கள் ஒரே களத்தில் இறங்குவார்கள். இரண்டு சிவப்பு. அப்போது சிவப்பு எதையும் சொல்வதில்லை. எந்தச் சிவப்பு நேற்று இரவுதான் மருத்துவ அறையிலிருந்து வந்தது, எந்தச் சிவப்புக்குக் கையெறிகுண்டு தீர்ந்துவிட்டது என்று தெரிய வேண்டுமானால் தோளில் இருக்கும் அந்தச் சிறிய இரண்டாம் நிறத்தைத்தான் பார்த்தாக வேண்டும். ஆளுக்கென்று ஒதுக்கிய நிறம், நாங்கள் மரியாதைக்காகக் கொடுத்தது, குன்றின் மேல் இருக்கும் கண்ணுக்கே தேவையாகிவிட்டது.

போன விடுமுறையில் அவன் தன் படையின் பட்டியலைக் காட்டினான். சிவப்பில் மூன்று பேர்: ஒருத்திக்கு மஞ்சள் தோள், ஒருவனுக்கு வெள்ளை, ஒருவனுக்குக் கறுப்பு. அவனுக்குக் குழப்பம் இல்லாமல் தெரிகிற நிறங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறான். நான்காவதாக ஒரு ரூக்கி, இன்னும் கிளாஸ் இல்லாதவள், கவசம் ஆட்டம் கொடுத்தபடியே இருக்கிறது, இரண்டாம் நிறத்தில் மட்டும் வெளிர்நீலம். "இவ எந்தக் கிளாஸ் வந்தாலும் இந்த நீலம் மாறாது" என்றான். நீலம் வேண்டாம், நகர்வுக் கோட்டோடு கலந்துவிடும் என்று சொன்னேன். தோள் அளவுதானே, ஒன்றும் ஆகாது என்கிறான். அதில் இன்னும் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை.